குவாத்தமாலா சிட்டியில் ராத்தங்கல்

"ஏர்போர்ட்ல இறங்கினதும் நேரா அந்திகுவாவுக்கு வண்டி ஏறிடு, சிட்டில ஒரு ராத்திரிகூடத் தங்காதே." குவாத்தமாலா போய் வந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான். அலுவலகத்தில் சொன்னார்கள், யூடியூபில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள், அட, விமானத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த குவாத்தமாலா அம்மாவே கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சரி, அந்த ஊரில் என்னதான் பார்த்தீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இல்லை. அவர்கள் பார்க்கவே இல்லை. அவர்களுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவர்களும் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மலைமேல் போய்விட்டார்கள். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் முப்பது லட்சம் பேர் பிழைக்கிற ஒரு தலைநகரம், வெறும் ஏர்போர்ட்டாகச் சுருங்கிவிட்டது. அந்திகுவா அழகான ஊர்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. கல் பாவிய தெரு, மஞ்சள் வளைவு, பின்னால் எரிமலை, எந்தப் பக்கம் போனைத் திருப்பினாலும் படம் நன்றாக வரும். ஆனால் தெருவில் எதிரே வருகிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப்போல் படம் எடுக்க வந்தவர்கள்.

எனக்கு இந்த நாட்டோடு வேறொரு கணக்கும் இருந்தது. நான் போடிக்காரன். போடியில் ஏலக்காய் வியாபாரம் நடக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்குக் குவாத்தமாலா என்பது பள்ளிக்கூடத்து வரைபடத்தில் பார்ப்பதற்கு முன்பே காதில் விழுந்துவிடும் பெயர். "குவாத்திமாலா காய் இறங்கிருச்சாம்" என்று அப்பா போனை வைத்துவிட்டுச் சொன்னால் அன்றைக்குக் கடையில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த செடியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மன் காபித் தோட்டக்காரர் அங்கே கொண்டுபோய் ஆல்தா வெராபாஸ் மலைகளில் ஊன்றினார். இன்றைக்கு உலகத்தில் மிக அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு அதுதான். சவுதிக்காரர்கள் காபியில் போடும் காய் பெரும்பாலும் அங்கிருந்துதான் போகிறது. அங்கே மகசூல் நன்றாக இருந்தால் இங்கே ஏலத்தில் விலை படுத்துவிடும், அங்கே மழை பொய்த்தால் இங்கே நிமிரும். அந்த நாட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அப்பா யோசித்துப் பார்த்திருப்பாரா என்று தெரியாது. அவருக்கு அது ஒரு விலை.

ஹூஸ்டனுக்கு வேலைக்கு வந்தபிறகு, இங்கிருந்து மூன்று மணி நேர விமானத்தில் போய்விடலாம் என்று தெரிந்தபோது போகாமல் இருக்க முடியவில்லை. "ஏலக்காய் பாக்கணும்னா கோபான் பக்கமில்ல போகணும், தலைநகர்ல என்ன இருக்கு?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். கோபானுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை, எங்களிடம் இருந்த லீவோ கையளவு. ஆனாலும் எல்லோரும் போகாதே என்று சொல்லும் ஒரு ஊரைப் பார்க்க வேண்டும் என்ற வீம்பு பாதிக்காரணம் என்பதை மறைப்பதற்கில்லை.

சோனாக் கணக்கு

இந்த ஊரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் போதும். நகரத்தைச் சோனா, சோனாவாக, அதாவது வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். நடுவில் சோனா 1, அங்கிருந்து சுருளாக வெளியே விரிந்துகொண்டே போய் 25 வரை. நடுவில் 20, 22, 23 என்ற எண்கள் மட்டும் கிடையாது. ஒவ்வொரு சோனாவிலும் அவெனிதா என்கிற நெடுக்குத் தெருக்களுக்கும் குறுக்குத் தெருக்களுக்கும் தனித்தனியாக எண் வரிசை. அதனால் ஆறாம் அவெனிதா என்று மொட்டையாகச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது, அது சோனா 1இலும் இருக்கும், 9இலும் இருக்கும், 10இலும் இருக்கும். "6ஆம் அவெனிதா 9-24, சோனா 1" என்று முகவரி இருந்தால், ஆறாம் அவெனிதாவில் ஒன்பதாம் தெருவைத் தாண்டியதும் சுமார் 24 மீட்டரில் வீடு என்று அர்த்தம். இதைக் கற்றுக்கொண்டபின் வழிகேட்க ஆளே தேவைப்படாது. அவெனிதாக்கள் வடக்கு தெற்கு, தெருக்கள் கிழக்கு மேற்கு, எண்களை எண்ணிக்கொண்டே நடந்தால் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். ஊபரில் முகவரி போடும்போது சோனா எண்ணை மட்டும் இருமுறை பாருங்கள். மாறிப் போனால் நகரத்தின் மறுகோடியில் இறங்குவீர்கள், மாலை நேரம் என்றால் திரும்பி வர ஒரு மணி நேரம் போய்விடும்.

உள்ளூர்க்காரர்கள் ஊரைப் பற்றிப் பேசுவதே இந்த எண்களில்தான். "இந்த ஊர் பாதுகாப்பானதா?" என்று கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். "சோனா 14 எப்படி?" என்று கேட்டால் உடனே பதில் வரும். சோனா 18 என்று சொல்லிப் பாருங்கள், எதற்கு அங்கே என்று கேட்பார்கள். சோனா 3இல் பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அதன் ஓரத்தில் நின்றால் கீழே பள்ளத்தாக்கில் நகரத்தின் குப்பை முழுவதும் மலையாகக் கிடக்கும், மேலே கழுகுகள் வட்டமிடும் என்று படித்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். ஓட்டுநர் கண்ணாடி வழியாக என் மனைவியைப் பார்த்தார், நான் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன்.

இனி தங்கும் விஷயம். நடுராத்திரியில் வந்து இறங்குகிறீர்கள், அல்லது விடியற்காலை விமானம் என்றால் சோனா 13தான் சரி. லா அவ்ரோரா விமான நிலையமே அங்கேதான் இருக்கிறது, ஊருக்கு நடுவே. பக்கத்தில் காவல் போட்ட குடியிருப்புகளுக்குள் வீட்டையே விடுதியாக்கி நடத்துகிறார்கள், வண்டி அனுப்பிக் கூட்டிப்போவார்கள், காலையில் முட்டையும் கறுப்பு பீன்ஸும் வறுத்த வாழைப்பழமும் போட்டு அனுப்புவார்கள். தலைக்குமேல் விமானம் போகும், இரவில் சாப்பிட வெளியே ஒன்றும் கிடைக்காது, அவ்வளவுதான் குறை.

சோனா 10 என்பது பெரிய ஓட்டல்களின் பேட்டை. ரிஃபோர்மா அவெனிதாவின் மர நிழல், மால்கள், பப்கள். ஜவுளிக்கான இக்ஸ்செல் அருங்காட்சியகமும் மாயா தொல்பொருள்களுக்கான போபோல் வூ அருங்காட்சியகமும் ஒரே பல்கலைக்கழக வளாகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன, ஒரு முழு முற்பகலை அங்கே வைத்துக்கொள்ளலாம். இக்ஸ்செலில் ஊருக்கு ஒரு விதமாக நெய்த ரவிக்கைகளைப் பார்த்து மனைவி நகரவே இல்லை. நாங்கள் முதலில் தங்கியது இந்தப் பக்கம்தான். வசதிக்குக் குறைவில்லை, ஆனால் காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்தால் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியவில்லை. வாசலைத் தாண்டிக் கால் வைத்தால் "வண்டி கூப்பிடவா?" என்று ஓடிவருவார்கள். அக்கறைதான், ஆனால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் பேக்கரிக்குமா?

சோனா 16இல் கயாலா என்று ஒன்று இருக்கிறது, 2011இல் திறந்தது. வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, தூண் வைத்த நடைபாதை, எல்லாம் பழைய ஸ்பானிய ஊர்போலப் புதிதாகக் கட்டியது, முழுக்கத் தனியார் இடம். குழந்தைகளோடு மாலையில் நிம்மதியாக நடக்கலாம் என்று நடுத்தர வர்க்கம் அங்கேதான் குவிகிறது, அவர்களைக் குறைசொல்ல முடியாது. நடைபாதை என்பதே மற்ற இடங்களில் பாதிக்கு இல்லை. ஆனால் பயணியாகப் போய் அங்கே தங்குவது வீண், காசுக்கும் கேடு.

எனக்குப் பிடித்தது சோனா 4. நகரம் முழுக்க நேர்க்கோட்டில் போகும் தெருக்கள் இங்கே மட்டும் சாய்ந்துகொள்கின்றன, பெயர்கூட அவெனிதா இல்லை, ரூத்தா, வீயா என்று மாறிவிடும். அதற்குள் குவாத்ரோ கிராதோஸ் நோர்தே என்கிற நடைத்தெரு. காபிக்கடைகள், சுவரோவியங்கள், மடிக்கணினியோடு இளைஞர்கள். வசதியும் உண்டு, சோனா 1க்குக் காரில் பத்து நிமிடம். பெங்களூருச் சாயல் அடிக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் சோனா 1. பழைய நகரம். 1773 நிலநடுக்கத்தில் அன்றைய தலைநகரமான அந்திகுவா நொறுங்கியதும் 1776இல் இங்கே மாற்றினார்களே, அந்த ஊர் இதுதான். முற்றம் வைத்த பழைய வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள், வாடகை பாதிக்குப் பாதி. ஆறாம் அவெனிதாவை மத்தியச் சதுக்கத்திலிருந்து 18ஆம் தெரு வரைக்கும் நடப்பதற்கென்றே விட்டிருக்கிறார்கள். பகலில் திருவிழாக் கூட்டம், பொம்மலாட்டக்காரர், மாரிம்பா வாசிப்பவர்கள், காலணிக்குப் பாலிஷ் போடும் பையன்கள். இரவு எட்டுமணிக்குமேல் இரும்பு ஷட்டர்கள் இறங்கிவிட்டால் அதே தெருவில் ஈ காக்கை இருக்காது. 18ஆம் தெருவைத் தாண்டிப் பகலிலும் சும்மா போய்ப் பார்க்காதீர்கள்.

நாங்கள் சோனா 10இலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு சோனா 1க்கு மாறினோம். ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் பில்லை நீட்டிக்கொண்டே "அங்கேயா?" என்றாள்.

மருந்துக்கடை வாசலில்

இந்த ஊருக்கு முதல்முறை வருகிறவர்களை உறுத்துவது துப்பாக்கி. போலீஸ்காரர்கள் கையில் அல்ல. மருந்துக்கடை வாசலில், பேக்கரி வாசலில், வறுத்த கோழிக்கடை வாசலில், கூல்டிரிங்ஸ் லாரியின் படிக்கட்டில், எங்கும் தனியார் காவலர்கள், தோளில் நீளக் குழல் துப்பாக்கி. நாட்டில் போலீஸைவிட இவர்கள் எண்ணிக்கை அதிகம். முதல் நாள் மனைவி ஒரு கடைக்குள் நுழையாமல் திரும்பிவிட்டாள். இவ்வளவு துப்பாக்கி இருந்தால் ஊர் ஆபத்தானது என்று அர்த்தமா, இல்லை காவல் பலமாக இருக்கிறது என்று அர்த்தமா என்று நாங்கள் இருவரும் ஓட்டல் அறையில் வாதாடிக்கொண்டிருந்தோம்.

மே முதல் அக்டோபர் வரை இங்கே மழைக்காலம். ஏற்காடு இருக்கும் உயரத்தில் இருக்கிறது ஊர், காலையில் பளிச்சென்று வெயில் அடித்து, மதியத்துக்குமேல் அடித்து ஊற்றும். அப்படி ஒரு மாலையில் ஆறாம் அவெனிதாவிலிருந்து பக்கத்துத் தெருவுக்குத் திரும்பியபோது மாட்டிக்கொண்டோம். ஒதுங்கக் கிடைத்தது ஒரு மருந்துக்கடையின் தகரச் சாய்ப்பு. அங்கே ஏற்கெனவே ஒருவன் நின்றுகொண்டிருந்தான், காவலாளி. இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். உடுப்பு தொளதொளவென்று வேறு யாருக்கோ தைத்ததுபோல் இருந்தது. துப்பாக்கியின் தோள்வார் ஓரிடத்தில் அறுந்து, நைலான் கயிறு வைத்து முடிச்சுப் போட்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் தன் பிளாஸ்டிக் ஸ்டூலை மனைவி பக்கம் நகர்த்திவிட்டு, துப்பாக்கியை மழை படாதபடி சுவர்ப்பக்கம் மாற்றிக்கொண்டான்.

எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் ஹூஸ்டனில் கூட வேலை பார்ப்பவர்களிடமிருந்து பொறுக்கியது. ஆனால் இவனிடம் பேசுவது மற்ற எல்லோரிடமும் பேசுவதைவிடச் சுலபமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் காரணம் தெரிந்தது: அவனுக்கும் அது வீட்டு மொழி இல்லை. அவன் கெக்சி என்கிற மாயா மொழி பேசுகிறவன், ஸ்பானிஷைப் பள்ளியில் கற்றவன். இருவரும் நிறுத்தி நிதானமாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினோம். எந்த நாடு என்று கேட்டான். இந்தியா என்றதும் பெரும்பாலோர் தாஜ்மகால் என்பார்கள், இவன் "அங்கே சோளம் விளையுமா?" என்று கேட்டான். விளையும், ஆனால் தினமும் மூன்று வேளையும் சாப்பிட மாட்டோம் என்றேன். பாவம் என்பதுபோலத் தலையை ஆட்டினான். சொந்த ஊர் எது என்றேன். ஆல்தா வெராபாஸ், கோபானுக்கும் அப்பால், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும் என்றான்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கைப்பையைத் திறந்தாள். மலைப்பாதையில் குமட்டலுக்கு என்று எங்கே போனாலும் ஒரு சின்ன டப்பாவில் ஏலக்காய் வைத்திருப்பாள், வண்டன்மேட்டுக் காய், ஊரிலிருந்து அப்பா கொடுத்துவிடுவது. அதில் நாலு காயை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதை உடனே வாயில் போடவில்லை. ஒரு காயை எடுத்து விரலில் உருட்டினான், நகத்தால் தோலைக் கீறினான், உள்ளிருந்த ஏல அரிசியை உள்ளங்கையில் கொட்டி எத்தனை கறுப்பு, எத்தனை வெளுப்பு என்று ஒதுக்கிப் பார்த்தான், பிறகு மூக்கருகே கொண்டுபோனான். எங்கள் கடையில் அப்பா செய்வது அப்படியே இதுதான், வரிசை மாறாமல். "நல்லா காய வெச்சிருக்காங்க" என்றான்.

அவன் அப்பாவுக்கும் கொஞ்சம் ஏலச்செடி இருக்கிறதாம். பச்சைக்காயாகவே விற்றுவிடுவார்கள். விறகு போட்டுக் காய வைக்கும் உலர்களம் வேறு ஆட்களுடையது, நடுவில் வந்து வாங்கிப்போகும் தரகர்களுக்கு அங்கே கொயோத்தே என்று பெயர். விலை அவர்கள் சொல்வதுதான். "விலை ஏன் குறைஞ்சதுன்னு கேட்டா, இந்தியாவுல நிறைய விளைஞ்சிருச்சுன்னு சொல்வாங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் உங்கள் பெயரைச் சொல்வார்கள் என்று அவனுக்கு விளக்கினேன். முதலில் நம்பவில்லை. இரண்டாவது முறை சொன்னதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான், உள்ளே கல்லாவில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தார். பிறகு அவன் கேட்டான்: இதை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அவர்கள் வீட்டில் எதற்கும் போடுவதில்லையாம், எப்போதாவது காபியில் ஒன்று. டீ, பாயசம், பிரியாணி என்று மனைவி கைவிரலை மடக்கி மடக்கிச் சொன்னாள், கடைசியில் வெறும் வாயில் போட்டு மெல்வதும் உண்டு என்றாள். அவன் தோலோடு ஒன்றை மென்று பார்த்துவிட்டு, மரியாதைக்காகத் துப்பாமல் நின்றான்.

ஒரு வருடம் பூச்சி விழுந்து காய் முழுக்கச் சொறிபிடித்துப் போனதாம், அந்த வருடம்தான் இங்கே வேலைக்கு வந்தான். கம்பெனி ஆள் எடுத்து, சில நாள் பழக்கி, துப்பாக்கியைக் கையில் கொடுத்து நிறுத்திவிட்டது. இருபத்து நான்கு மணி நேர ஷிஃப்ட். சுட்டிருக்கிறாயா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை. மழை விட்டது, கிளம்பினோம். திரும்பி நடக்கும்போது மனைவி சொன்னாள்: "அந்த வருசந்தான் உங்க அப்பா நல்ல விலை கிடைச்சதுன்னு மாடிக்கு டைல்ஸ் போட்டிருப்பாரு." வருடத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அன்றிரவு அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பச்சைக்கு என்ன விலை குடுக்குறாங்களாம்?" என்றார்.

அதற்குப் பிறகு துப்பாக்கி ஆபத்தின் அடையாளமா காவலின் அடையாளமா என்ற வாதம் எங்களுக்குள் வரவில்லை. வாசலில் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினோம், "புவெனாஸ் தார்தெஸ்" சொன்னோம், பெரும்பாலும் திரும்பச் சொன்னார்கள். பயம் போய்விட்டது என்று சொல்லவில்லை. இந்த ஊரில் பயப்படக் காரணங்கள் இருக்கின்றன, ஊர்க்காரர்களே பயந்துதான் வாழ்கிறார்கள். டவுன் பஸ்களில் ஓட்டுநர்களிடம் மாமூல் கேட்டுச் சுட்டுக்கொன்ற கதைகள் ஏராளம், பயணிகள் அந்தப் பழைய பஸ்களில் ஏறாமல் இருப்பதே நல்லது. தனி வழியில் போகும் பச்சை டிரான்ஸ்மெட்ரோ பஸ் பகலில் பரவாயில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள், ஒரே பைக்கில் இருவர் மெதுவாக வந்தால் கடைக்குள் ஒதுங்குங்கள், பணம் எடுப்பது வங்கிக்குள் இருக்கும் இயந்திரத்தில் மட்டும்.

தூண்களும் மண்ணுக்கடியில் சந்தையும்

மத்தியச் சதுக்கத்தில் பச்சையாக ஒரு அரண்மனை நிற்கும். சர்வாதிகாரி உபீகோ கட்டி 1943இல் திறந்தது, ஊர்க்காரர்கள் அதற்கு அவகாடோ துவையலின் பெயரை வைத்துக் கிண்டலடிக்கிறார்கள். நாட்டின் சாலைத் தூரமெல்லாம் அங்கிருந்துதான் அளக்கப்படுகிறது. உள்ளே போய் வாருங்கள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதிகநேரம் நிற்க வேண்டியது பக்கத்தில், கதீட்ரலின் முன்னால். வரிசையாகத் தூண்கள், தூண் முழுக்கப் பெயர்கள். 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் செத்தவர்களும் காணாமல் போனவர்களும் மொத்தம் இரண்டு லட்சம் என்பது ஐ.நா. ஆதரவில் நடந்த விசாரணையின் கணக்கு. அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள். திருச்சபை தன் பங்குக்குச் சாட்சியங்களைத் திரட்டி வெளியிட்ட அறிக்கையை ஆயர் ஹுவான் ஹெரார்தி 1998 ஏப்ரல் 24 அன்று முன்வைத்தார். இரண்டு நாள் கழித்து, இங்கிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள சான் செபாஸ்தியான் ஆலய வீட்டில் அவரை அடித்துக் கொன்றார்கள்.

முதல்முறை அந்தத் தூண்களைச் சுற்றுலாக்காரனாகப் பார்த்துவிட்டு நகர்ந்திருந்தேன். மருந்துக்கடைப் பையனைப் பார்த்தபின் திரும்பவும் போனேன். நிலத்துக்காகக் கூடிய கெக்சி விவசாயிகளை 1978 மே மாதம் ராணுவம் சுட்டுத்தள்ளிய பான்சோஸ் என்கிற ஊரும் அதே ஆல்தா வெராபாஸில்தான் இருக்கிறது. அவன் அப்பா அப்போது சின்னப்பையனாக இருந்திருக்கலாம். தூணடியில் ஒரு குடும்பம் உட்கார்ந்து மாம்பழத் துண்டுகளில் மிளகாய்ப்பொடி தூவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, பாட்டி மட்டும் ஒரு பெயர்மேல் விரலை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். தெரிந்த பெயரா, சும்மாவா என்று தெரியாது.

கதீட்ரலுக்குப் பின்னால் மத்தியச் சந்தை. 1976 பிப்ரவரி 4 அதிகாலை நிலநடுக்கத்தில் சுமார் 23,000 பேர் செத்தார்கள். அதில் இடிந்த சந்தையைத் திரும்பக் கட்டியபோது மண்ணுக்குக் கீழே இறக்கிவிட்டார்கள், அதனால் வெளியிலிருந்து பார்த்தால் சந்தை இருப்பதே தெரியாது. மேல்தளத்தில் துணியும் கைவினைப்பொருளும், கீழே இறங்கினால் காய்கறி, மாமிசம், சாப்பாட்டுக் கடைகள். மசாலாக் கடைகளில் ஏலக்காய் தேடினேன். பட்டை இருக்கிறது, வறுத்த பூசணி விதை மூட்டை மூட்டையாக இருக்கிறது, காய்ந்த மிளகாயில் நாலைந்து ரகம். ஏலக்காய் என்றதும் கடைக்கார அம்மா அடித்தட்டில் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்தார். வெளுத்த, சிறுத்த காய், போடியில் கடைசி ரகத்துக்கும் கீழே போடுவோம். நல்லதெல்லாம் கப்பலேறிவிடும் போல, நம்மூரில் முந்திரிக்கு நடப்பதுதான்.

அங்கேயே சாப்பிடுங்கள். பெப்பியான் என்று ஒன்று கேளுங்கள்: தக்காளி, மிளகாய், எள், பூசணி விதை எல்லாவற்றையும் கருக வறுத்து அரைத்துக் கோழியோடு கொதிக்க விடுவார்கள், நம் வறுத்தரைத்த குழம்புக்குத் தேங்காய் மட்டும் போடாமல் விட்டதுபோல் இருக்கும். அதில் மிதக்கும் பச்சைத் துண்டு நம்ம சௌசௌதான், அங்கே குயிஸ்கில் என்பார்கள், அந்தக் காய்க்கே பூர்வீகம் அந்தப் பக்கம்தான். கூடவே தட்டித் தட்டிச் சுட்ட தடிமனான தொர்த்தியா. சைவம் மட்டும் என்றால் கறுப்பு பீன்ஸ், வாழைப்பழம், முட்டை, அவகாடோ என்று சமாளித்துக்கொள்ளலாம், ஆனால் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளித்தார்களா என்று கேட்டுவிடுங்கள். சாப்பிட்டு எழுந்து போகிறவர்கள் முன்பின் தெரியாத உங்களைப் பார்த்து "புவென் ப்ரோவெச்சோ", நல்லா சாப்பிடுங்க, என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நீங்களும் எழும்போது சொல்லுங்கள்.

நேரம் இருந்தால் சோனா 2இல் நாட்டின் புடைப்பு வரைபடத்தைப் பாருங்கள். விமானப் பயணமெல்லாம் வருவதற்கு முன்னால், 1905இல், பிரான்சிஸ்கோ வேலா என்ற பொறியாளர் நாட்டையே நடந்தும் குதிரையிலும் அளந்து, 1,800 சதுர மீட்டர் பரப்பில் திறந்தவெளியில் கட்டி வைத்திருக்கிறார். மலைகளின் உயரத்தை மட்டும் ஐந்து மடங்கு தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்து நாடான பெலிஸையும் தங்கள் நாட்டோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள், வாய்க்காத் தகராறு சிமென்டில். மேடைமேல் ஏறி நின்று, கோபானுக்கு அப்பால் இருக்கும் அந்தச் சின்ன மேடுகளைத் தேடிப்பிடித்தோம். எத்தனை மலை தாண்டி வந்திருக்கிறான் அந்தப் பையன் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆக, என்னைக் கேட்டால்: வந்திறங்கும் ராத்திரி சோனா 13, மறுநாளிலிருந்து சோனா 4. காலை ஏழரைக்கெல்லாம் கிளம்பி சோனா 1இல் மதியம் வரை நடந்துவிட்டு, மழைக்கு முன்னால் அறைக்குத் திரும்பிவிடுங்கள். துணிச்சல் இருந்தால் சோனா 1இலேயே தங்குங்கள், இரவுச் சாப்பாட்டை மட்டும் விடுதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சோனா 4இல் வெள்ளி, சனி இரவுகளில் பாட்டுச் சத்தம் கொஞ்சநஞ்சமல்ல, தெருப்பக்கம் இல்லாத அறையாகக் கேட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை லாஸ் அமெரிக்காஸ் அவெனிதாவைக் கார்களுக்கு மூடிவிட்டு மக்களிடம் விடுகிறார்கள், சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். சில்லறை கெத்சால் நோட்டு கையில் வைத்திருங்கள். அந்திகுவாவுக்கும் போய் வாருங்கள், யார் வேண்டாம் என்றது? வெள்ளிக்கிழமை மாலை மட்டும் கிளம்பாதீர்கள். நாற்பது கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரம்கூட ஆகும், வழியில் எங்கும் ஒதுங்க இடம் கிடையாது.